மாடித்தோட்டக் குழுவின் பரிசுக் குலுக்கல்: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதக் கடைசியில் ஒரு குலுக்கல் நடக்கும். பரிசு ஆடிப்பட்டத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அந்த நாள். பெரிய பரிசெல்லாம் இல்லை. 20 செடிப்பைகள், 5 கிலோ தேங்காய்நார்க் கட்டி இரண்டு, கொஞ்சம் மண்புழு உரம், சின்னதாக ஒரு சொட்டுநீர் செட், நாலைந்து நாட்டு விதைப் பொட்டலங்கள். எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் வருஷம் அதைச் சுற்றி நடந்த சண்டையைப் பார்த்தவர்கள் ஏதோ மூன்று ஏக்கர் நஞ்சையைப் பங்கு போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது மீன் தொட்டிக்காரர்கள், பழைய நாணயம் சேர்ப்பவர்கள் என்று வேறு குழுக்களிலிருந்தும் போன் வருகிறது. கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

சும்மா கொடுக்கிற பரிசுதானே. இதுக்கு எதுக்குங்க விதிமுறை?

சும்மா கொடுப்பதால்தான். காசு கொடுத்து வாங்கிய பொருள் சரியில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். இலவசமாகக் கிடைக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்குப் போனால், "அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்ற கேள்வி வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வாய்விட்டும் கேட்க மாட்டார்கள். விதை கேட்டால் பதில் வராது, மாதக் கூட்டத்துக்கு ஆள் வராது. அப்படித்தான் தெரியும்.

சரி, குறைந்தபட்சம் என்னதான் எழுதணும்?

யார் கலந்துகொள்ளலாம், யார் கூடாது, பெயர் கொடுக்கக் கடைசி நாள் நேரம், எப்படித் தேர்ந்தெடுப்போம், பரிசை எப்படி அனுப்புவோம், கூரியர் செலவு யாருடையது, ஜெயித்தவர் பதில் சொல்லாவிட்டால் என்ன. இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் நான் ஒரு சோதனை வைப்பேன். குழுவுக்கே சம்பந்தமில்லாத ஒருவரிடம் விதிகளையும் உறுப்பினர் பட்டியலையும் கொடுத்தால், யார் தகுதி, யார் இல்லை என்று என்னைக் கேட்காமலே அவரால் பிரிக்க முடிய வேண்டும். எங்கேயாவது "இதுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று அவர் நிமிர்ந்து பார்த்தால், அந்த வரி விதி இல்லை, என் அபிப்பிராயம். அடித்துவிடுவேன்.

குழுவில் இருந்தாலே போதுமா, இத்தனை நாள் ஆகியிருக்கணும்னு வைக்கலாமா?

வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே மச்சான், மாமா, ஆபீஸ் நண்பர் எல்லோரும் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கல் முடிந்த மறுநாள் அவர்களைக் காணோம். எங்களுக்கு 40 பேர் அப்படி வந்து போனார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தத் தேதி அறிவிப்புக்கு முந்தைய தேதியாக இருக்க வேண்டும். ஜூலை 1-ல் அறிவிக்கிறீர்கள் என்றால் "ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்கள்" என்று எழுதுங்கள். மூன்று மாதம் போதும். ஒரு வருஷம் என்று வைத்தால் புதிதாகத் தோட்டம் போட ஆரம்பித்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். செடிப்பையும் தேங்காய்நாரும் உண்மையில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

எப்பவும் ஆக்டிவா இருக்கறவங்களுக்கு மட்டும் கொடுத்தா என்ன? அதுதானே நியாயம்?

நாங்களும் அப்படி நினைத்துத்தான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டோம். "குழுவில் தொடர்ந்து பங்களிப்பவர்கள்" என்று எழுதியிருந்தோம். பங்களிப்பு என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். சரி, மூன்று மாதத்தில் 20 செய்தியாவது போட்டிருக்க வேண்டும் என்றோம். எண்ணிப் பார்த்தபோது தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர் முதல் இடத்தில் இருந்தார். அவர் வீட்டில் ஒரு துளசிகூட இல்லை.

அதே சமயம் எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருக்கு டைப் அடிக்க வராது. ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் பேரனிடம் ஒரு மஞ்சள் பை கொடுத்தனுப்புவார். உள்ளே பழைய நாள்காட்டித் தாளை மடித்துச் செய்த பொட்டலங்கள். தேதி அச்சான பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. அதில் நீல மையில் "மூக்குத்தி அவரை, தை அறுவடை", "சிறகவரை, ஊறப்போட்டு நடு" என்று எழுதியிருக்கும். குழுவில் பாதிப் பேர் வீட்டில் ஏறியிருக்கும் அவரை அவர் கொடுத்ததுதான். எங்கள் விதிப்படி அவருடைய செய்திகள்: பூஜ்யம்.

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டோம். குலுக்கலுக்குப் பங்களிப்பு நிபந்தனையே கிடையாது. தேதிக்குள் சேர்ந்தவர்கள், பெயர் கொடுத்தவர்கள், அவ்வளவுதான். உழைத்தவர்களைப் பாராட்ட வேண்டும் என்றால் நேராகப் பாராட்டுங்கள், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒரு நல்ல கவாத்துக் கத்தரிக்கோலைக் கையில் கொடுங்கள். அதைக் குலுக்கல் என்ற பெயரில் செய்ய வேண்டாம்.

மாடித்தோட்டக் குழுதானே, தோட்டம் வச்சிருக்கறவங்க போட்டோ அனுப்பினாதான் சேர்த்துக்கணும்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். மொட்டை மாடிச் சாவியை வீட்டுக்காரர் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் தண்ணீர் கசியும் என்று பை வைக்க விட மாட்டார். பால்கனிக் கம்பியில் நாலு தொட்டி, சமையலறை ஜன்னலில் ஒரு கறிவேப்பிலை. அவர்கள் படம் அனுப்பக் கூச்சப்படுவார்கள். சொந்த மாடியில் பந்தல் போட்டவர் மட்டும் பெருமையாக அனுப்புவார்.

நாங்கள் படம் கேட்பதில்லை. அதற்குப் பதில் பெயர் கொடுக்கும்போது ஒரு கேள்வி: "இப்போது என்ன வளர்க்கிறீர்கள், அல்லது என்ன வளர்க்க ஆசை?" எந்தப் பதிலும் சரியான பதில்தான், தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரிசோடு எந்த விதை வைக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும், அதற்காகத்தான்.

அட்மின், அவர் வீட்டம்மா, ஸ்பான்சர் கடைக்காரர் எல்லாம் கலந்துக்கலாமா?

கூடாது. பட்டியலைக் கையில் வைத்திருப்பவர், குலுக்குபவர், பரிசு கொடுப்பவர், இவர்களும் இவர்கள் வீட்டில் இருப்பவர்களும் வெளியே. நேர்மையாகவே நடந்து அட்மின் தங்கைக்கு விழுந்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. அந்தத் தங்கைக்கும் அது கஷ்டம்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்கிறது. அவரோடு நிற்கவில்லை. அப்பா, மகன், சகோதரர், மாமனார், மருமகன், மைத்துனர், சகோதரி கணவர், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் என்று உறவு உறவாகப் பெயர் சொல்லி விலக்குகிறது. "நெருங்கிய உறவினர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா!

ஆனால் அந்தக் கல்வெட்டின் தகுதிப் பட்டியலைக் காப்பியடிக்காதீர்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்று அது பிராமணர் சபைக்கான சட்டம், ஊரில் பெரும்பாலோருக்கு அதில் இடமே இல்லை. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறையை மட்டும்தான்.

ஒரே வீட்டில் மூணு பேர் குழுவில் இருக்காங்க. மூணு சீட்டா?

ஒரு கதவு எண்ணுக்கு ஒரு சீட்டு. அடுக்குமாடி என்றால் ஃபிளாட் எண். தனியாக இருக்கும் ஒருவருக்கு ஒரு வாய்ப்பு, மூன்று போன் இருக்கும் வீட்டுக்கு மூன்று வாய்ப்பு என்பது சரியில்லை. பரிசு எப்படியும் அதே மாடிக்குத்தான் போகப் போகிறது.

இதில் ஒரு வீட்டில் சிக்கல் வந்தது. மாமியார் கீழே முற்றத்தில் கீரை போடுகிறார், மருமகள் மாடியில் தக்காளி. இரண்டு பேருக்கும் தனித்தனிச் சமையல், ஒரே கதவு எண். நாங்கள் விதியை வளைக்கவில்லை, "யார் பெயர் என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள்" என்றோம். ஒரு வருஷம் அத்தை பெயர், மறு வருஷம் மருமகள் பெயர் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். சமையல் எத்தனை என்று வீடு வீடாக விசாரிக்க நாங்கள் ரேஷன் ஆபீஸ் இல்லையே.

போன தடவை ஜெயிச்சவங்க இந்தத் தடவையும் பேர் கொடுக்கலாமா?

எங்களுக்கு ஒரு வருஷம் இடைவெளி. ஆளுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே இடைவெளி. இல்லையென்றால் போன வருஷம் கணவர், இந்த வருஷம் மனைவி என்று மேலே சொன்ன கதவு எண் விதி ஓட்டையாகிவிடும். உத்திரமேரூரில் மூன்று வருஷம் வாரியத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் குழுவில் 500 பேர் இருந்தால் மூன்று வருஷமே வைக்கலாம். 30 பேர் குழுவில் அப்படி வைத்தால் கொஞ்ச நாளில் குடம் காலி.

என் பையனுக்குப் பத்து வயசு. அவன்தான் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தறான். அவன் பேர்ல போடலாமா?

உங்கள் பெயரில் போடுங்கள். பரிசு வந்தால் அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெயர், முகவரி, போன் எண்ணைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வாங்கி வைக்கக் கூடாது, 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் பெயரில் போட்டால் அதுதான் உங்கள் வீட்டுச் சீட்டு, தனியாக இன்னொன்று கிடையாது.

பெரியவர்களிடமும் முழு முகவரியை முதலிலேயே கேட்காதீர்கள். கதவு எண், தெரு, பின்கோடு போதும், ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுதானா என்று பார்க்க. மீதி ஜெயித்தவரிடம் மட்டும்.

கூரியர் செலவுக்காக ஆளுக்கு 50 ரூபாய் டோக்கன் வாங்கிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு, அதிர்ஷ்டத்தால் ஆளைத் தேர்ந்தெடுத்து, பரிசு கொடுத்தால் அதற்குப் பெயர் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. "நாங்க சின்னக் குழு, லாபம் பார்க்கல" என்பதெல்லாம் பிறகு சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் உண்டியல் வையுங்கள், விருப்பமுள்ளவர்கள் போடட்டும். போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே சீட்டு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

இல்லை, ஏதாவது நிபந்தனை வேண்டும் என்றால் திறமைப் போட்டியாக மாற்றுங்கள். விதைகளைப் பார்த்துப் பெயர் சொல்வது, நல்ல கலவை மண் செய்முறை எழுதுவது, அப்படி ஏதாவது. ஆனால் அதற்கு நடுவர், மதிப்பெண், புகார் எல்லாம் உண்டு. அது வேறு தலைவலி.

ஸ்பான்சர் கடைக்காரர், "எங்க கடையில 500 ரூபாய்க்கு வாங்கினவங்களுக்கு மட்டும்"னு போடச் சொல்றாரு. அவர் பொருள்தானே?

இங்கேதான் நிறைய பேர் தெரியாமல் போய் விழுகிறார்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று 1979-ல் வந்த ஒன்று இருக்கிறது. பொருள் வாங்கியவர்களிடையே குலுக்கல் போட்டுப் பரிசு கொடுப்பதைத்தான் அது தடுக்கிறது. பெரிய கம்பெனிப் பரிசு அறிவிப்புகளில் அடியில் பொடி எழுத்தில் "தமிழ்நாட்டில் செல்லாது" என்று பார்த்திருப்பீர்களே, அதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

கடைக்காரருக்கு இதைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அவர் பெயரை அறிவிப்பில் நன்றியோடு போடுங்கள், கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். வாங்கினால்தான் சீட்டு என்று பிடிவாதம் பிடித்தால் அந்தப் பரிசே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒரு முறை அப்படி ஒரு உரமூட்டைக் குவியலையே விட்டிருக்கிறோம். மனசு கொஞ்சம் வலித்தது, உண்மைதான்.

குலுக்கலை எப்படி நடத்தினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க?

நேரில் கூடினால் குடவோலை முறைதான். உத்திரமேரூரில் நம்பிமார்களில், அதாவது கோயில் பூசாரிகளில், மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன என்று தெரியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அந்த ஓலையை வாங்கி வாசிப்பவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், இன்னொரு ஓலையை விரலிடுக்கில் ஒளித்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. வாசித்த பிறகு அங்கே இருக்கும் மற்ற நம்பிமார்களும் அதை வாசிக்க வேண்டும். நாங்கள் எவர்சில்வர் குடமும் கூட்டத்துக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தையும் வைத்துச் செய்கிறோம். ஒன்று மட்டும்: சீட்டுகளை ஒரே அளவில் வெட்டி, ஒரே மாதிரி மடியுங்கள்.

எல்லாரும் வெவ்வேறு ஊர் என்றால், போனில் ஏதோ ஒரு ஆப் தேர்ந்தெடுத்தது என்று ஒரு படம் அனுப்பினால் போதாது. பிடித்த பெயர் வரும்வரை எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று யாருக்குத் தெரியும்? யார் கையிலும் இல்லாத ஒரு எண்ணை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். உதாரணமாக, பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் வெள்ளிக்கிழமை முடியும் எண். பெயர் கொடுத்தவர்கள் 63 பேர் என்றால், வியாழன் இரவே அந்தப் பட்டியலை வரிசை எண்ணோடு எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் 81,234.56 என்று முடிந்தால், புள்ளியை எடுத்துவிட்டு 8123456. அதை 63-ஆல் வகுத்தால் மீதி 47. மீதி பூஜ்யமாகவும் வரலாம் என்பதால் ஒன்று கூட்டி, 48-வது ஆள். குழுவில் யார் வேண்டுமானாலும் போனில் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் பரிசுக்கு இன்னொரு பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டியின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அதே ஆள் வந்தால் பட்டியலில் அடுத்தவர். இதையும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சிங்கப்பூர்லயும் யாழ்ப்பாணத்துலயும் நம்ம உறுப்பினர்கள் இருக்காங்க. அவங்களை விலக்கறது தப்பில்லையா?

விலக்க வேண்டாம், ஆனால் பரிசு அப்படியே போகாது. விதை, செடி, மண் எல்லை தாண்ட வேண்டும் என்றால் பொதுவாகத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பல நாடுகளுக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் வேண்டும். உறையில் போட்டு அனுப்பினால் சுங்கத்தில் எடுத்து அழித்துவிடுவார்கள். சில இடங்களில் வாங்குபவருக்கு அபராதமும் வரும். பரிசு என்று சொல்லி வம்பை அனுப்பக் கூடாது.

எங்கள் விதி இப்படி: யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், பரிசு இந்திய முகவரிக்கு மட்டும் போகும். வெளிநாட்டில் இருப்பவர் ஜெயித்தால் இந்தியாவில் உள்ள யாருடைய முகவரியையும் சொல்லலாம். போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜெயித்து, தேவகோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பச் சொன்னார்.

வரி கிரி ஏதாவது உண்டா?

குலுக்கலில் விழும் பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. பொருளாகக் கொடுத்தாலும் வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பவர் கையை விட வேண்டும். தேங்காய்நார்க் கட்டிக்கு இந்தக் கவலை இல்லை. கேமரா, மொபைல் கொடுக்கும் குழுக்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயிச்சவர் போனே எடுக்கல. எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

ஏழு நாள், இரண்டு அழைப்பு, ஒரு செய்தி. அதற்குள் பதில் இல்லையென்றால் அடுத்த எண். இதை முன்பே எழுதாமல் விட்டால், பத்தாவது நாள் மாற்றிக் கொடுத்த பிறகு "ஊருக்குப் போயிருந்தேன், டவர் இல்லை" என்று வருவார். அவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

பேரெல்லாம் வாங்கின பிறகு விதியில ஒரு ஓட்டை தெரியுது. மாத்திடலாமா?

ஒருவரைச் சேர்ப்பதற்காக என்றால் யோசிக்கலாம், விலக்குவதற்காக என்றால் கூடாது. கடைசி நாளை எல்லாருக்கும் சேர்த்துத் தள்ளிவைக்கலாம், தவறுதலாக விடுபட்ட பகுதியைச் சேர்க்கலாம். அதுவும் குலுக்கலுக்கு முன்னால், காரணத்தைச் சொல்லி. ஆனால் பெயர்களைப் பார்த்த பிறகு யாரையாவது வெளியே தள்ளும் விதியைக் கொண்டுவந்தால், எவ்வளவு நியாயமான விதியாக இருந்தாலும் அது அந்த ஆளுக்காகவே எழுதியதாகத்தான் தெரியும்.

எங்களுக்கு ஒரு வருஷம் இதே நிலைமை. ஒருவர் கதவு எண்ணை 14, 14அ என்று இரண்டாகக் காட்டி இரண்டு சீட்டு போட்டுவிட்டார். எங்களுக்கு நன்றாகவே தெரியும், ஒரே வீடு. ஆனால் எங்கள் விதியில் உட்பிரிவு எண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷம் விட்டுவிட்டோம், அடுத்த வருஷ விதியில் எழுதினோம். நல்லவேளை, அவருக்கு விழவில்லை.

ஜெயிச்ச ஆள் சொட்டுநீர் செட்டை வித்துட்டாரு! திருப்பி வாங்கலாமா?

முடியாது, கொடுத்த பிறகு அது அவருடையது. "விற்கக் கூடாது" என்று முன்பே விதி போட்டாலும் எப்படிக் கண்காணிப்பீர்கள்? முதல் கேள்விகளில் சொன்ன சோதனையில் அந்த வரி தேறாது. எங்கள் குழுவில் விற்றவருடைய வீட்டில் மேல்நிலைத் தொட்டி இல்லை, செட்டை மாட்டினாலும் தண்ணீர் வராது. குழுவிலேயே இன்னொருவருக்கு 600 ரூபாய்க்குக் கொடுத்தார். அங்கே இப்போது அந்தக் குழாயில் 11 பைகளுக்குத் தண்ணீர் போகிறது, கடைசிப் பையில் பாட்டி கொடுத்த மூக்குத்தி அவரை.